ஜி.பி. ரோட்ல ரெண்டு சனிக்கிழமை, என் பழைய ஸ்விஃப்ட்டுக்கு திரும்பவும் கம்பெனி முகம்

என்கிட்ட இருக்கிறது 2012 மாடல் ஸ்விஃப்ட் விடிஐ. வாங்கின வருஷமே 17 இஞ்ச் குரோம் அலாய், பின்னாடி பெரிய ஸ்பாய்லர், நீல கலர்ல எச்ஐடிங்கிற ரொம்ப பிரகாசமான லைட், டிக்கி முழுக்க சப்வூஃபர் பாக்ஸ், முன்னாடி பம்பருக்கு மேல புல் பார்ங்கிற இரும்புக் கம்பின்னு எல்லாத்தையும் மாட்டிட்டேன், அப்போ எங்க பக்கம் அதான் கெத்து. இப்போ அத்தனையும் கழட்டி ஷோரூம்ல இருந்து வந்த மாதிரி வேணும்னு ஆசை வந்துச்சு, அதுக்கு சென்னை ஜி.பி. ரோட்டுக்கு ரெண்டு சனிக்கிழமை போனேன்.

தெரியாதவங்களுக்கு, ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, மவுண்ட் ரோட்ல இருந்து ராயப்பேட்டை பக்கம் போறது. ரெண்டு பக்கமும் சீட் கவர், மேட், லைட், ஸ்டீரியோனு கார் சாமான் கடைங்கதான். 2012ல போனப்போ கடை வாசல்லயே புல் பார் தொங்கும், கண்ணாடில ஒட்டுற கருப்பு ஃபிலிம் ரோல் ரோலா நிக்கும். அந்த வருஷம்தான் சுப்ரீம் கோர்ட் ஃபிலிம் ஒட்டக்கூடாதுன்னு சொன்னது, முன் பின் கண்ணாடில 70 சதவீதம், சைடுல 50 சதவீதம் வெளிச்சம் உள்ள வரணும்னு ரூல். 2017 டிசம்பர்ல மத்திய அரசு புல் பாருக்கும் தடை போட்டுச்சு, அது சரியான முடிவுதான், ஏன்னா இடிச்சா நசுங்கி அதிர்ச்சிய வாங்கிக்க வேண்டிய முன்பக்கத்துக்கு குறுக்க இரும்பு நின்னா ஏர்பேக் நேரத்துக்கு விரியுமாங்கிறதே சந்தேகம், நடந்து போறவங்க மேல பட்டா அவங்களுக்கும் அடி பலமா விழும். இப்போ அதே வாசல்கள்ல டேஷ்கேம், 360 கேமரா, டச் ஸ்கிரீன். வர்ற பசங்க கேக்கிறதும் மாறிடுச்சு, "அண்ணா, டாப் மாடல்ல வர்றதையே போடுங்க, ஒரு வயர் கூட கட் பண்ணக்கூடாது"ன்னு சொல்றாங்க. கேக்கவே சந்தோஷமா இருந்துச்சு.

முதல் சனிக்கிழமை லைட் வேலை. ஹெட்லைட் பின்னாடி கைய விட்ட கடைத் தம்பி ஒரு நிமிஷம் அப்படியே நின்னுட்டான், "அண்ணே, இத எங்க போட்டீங்க?"ன்னு கேட்டான். பாத்தா பழைய கடைல (இந்த ரோடு இல்ல, வேற ஊரு) கம்பெனி வயர வெட்டி, முறுக்கி, இன்சுலேஷன் டேப் மட்டும் சுத்தி விட்டிருக்காங்க, இஞ்சின் சூட்டுல டேப் பசை உருகி கைல பிசுபிசுன்னு ஒட்டுது, உள்ள காப்பர் பச்சையா பூத்திருக்கு. இத்தனை வருஷம் பொண்டாட்டி புள்ளைங்கள ஏத்திக்கிட்டு இதுலதான் ராத்திரி ஓட்டினேன்னு நினைச்சப்போ வயிறு கலங்கிடுச்சு. அவன் பூத்த வயர நல்ல இடம் வரைக்கும் கழிச்சு, சால்டர் வச்சு, சூட்டுல சுருங்குற ஸ்லீவ் போட்டு சுருக்கி, கம்பெனி கப்ளர்லயே (வயர் சொருகுற பிளக்) சொருகுற மாதிரி ரிலே கிட் மாட்டினான், ரிலேன்னா ஸ்விட்ச் சொன்னதும் கரண்ட திறந்து விடுற குட்டி டப்பா. பல்பு சாதா எச்4, 60/55 வாட் ஹாலஜன்தான். ரிலே இருந்தா கரண்ட் பேட்டரில இருந்து நேரா வருது, ஸ்விட்ச் வழியா சுத்தி வந்து வழியில குறையறது இல்ல, அதனால அதே வாட்டுக்கே வெளிச்சம் நல்லா தெரியுது. ஹாலஜனுக்கு செஞ்ச ரிஃப்ளக்டர்ல எச்ஐடி போட்டா வெளிச்சம் சிதறி எதிர்ல வர்றவன் கண்ணுலதான் அடிக்கும். அன்னைக்கு ராத்திரி செங்கல்பட்டு தாண்டி எங்க ஊர் சிங்கிள் ரோட்ல ஒரு லாரிக்காரர் கூட எனக்கு டிம் அடிச்சு காட்டல.

ரெண்டாவது சனிக்கிழமை வீல். 17 இஞ்ச்ல டயர் பக்கவாட்டு ரப்பர் ரொம்ப குறைச்சல், ஒவ்வொரு பள்ளமும் முதுகுல தெரியும், ரிம் ஒண்ணு ஏற்கனவே நெளிஞ்சிருச்சு. டாப் மாடல்ல வந்த 15 இஞ்ச் கம்பெனி அலாய் செகண்ட் ஹேண்ட்ல கிடைச்சுது, 185/65 ஆர்15 டயர் போட்டாச்சு. விடிஐல வந்தது 165/80 ஆர்14, ரெண்டுக்கும் விட்டம் கணக்கு போட்டா 2 மில்லிமீட்டர்தான் வித்தியாசம், அதனால ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. காசு குடுக்கிறதுக்கு முன்னாடி நாலு ரிம்மையும் பேலன்சிங் மெஷின்ல சுத்தி காட்டச் சொல்லுங்க, நெளிவு கண்ணுக்கே தெரியும். எனக்கு ஒண்ணு ஆடுச்சு, முகம் சுளிக்காம மாத்திக் குடுத்தாங்க.

குறையும் இருக்கு. ஸ்பாய்லர ஹீட் கன் காட்டி, தூண்டில் நரம்ப உள்ள விட்டு அறுத்து அழகா எடுத்தாங்க, ஆனா அடில ரெண்டு ஓட்டை, சுத்தி துரு, அதுக்கு பெயிண்ட் வேலை அங்க கிடையாது, வேற பட்டறைக்குத்தான் போகணும். வேலை பூரா ரோட்டோரத்துல நடக்குது, அதனால பிபிஎஃப் மாதிரி பெயிண்ட் மேல ஒட்டுற ஃபிலிம் வேலைய தயவு செஞ்சு அங்க குடுக்காதீங்க, ஒரு தூசி உள்ள மாட்டினாலும் வருஷக்கணக்குல கண்ண உறுத்தும், மூடின ரூம் இருக்கிற இடமா பாருங்க. முதல்ல சொல்ற விலைக்கு உடனே சரின்னு சொல்லிடாதீங்க, நாலு கடை ஏறி இறங்கினா அதே ரிலே கிட் குறைஞ்சு வரும். சீட்டுக்குள்ள சைடு ஏர்பேக் இருக்கிற வண்டின்னா அந்த இடத்துல பிரியற மாதிரி தைச்ச கவரான்னு வாயத் திறந்து கேளுங்க, தானா யாரும் சொல்லல.

பார்க்கிங் பெரிய தலைவலி, சனிக்கிழமை மதியம் வண்டி நிறுத்தவே அரை மணி நேரம் ஆச்சு. காலைல கடை திறக்கும்போதே போயிடுங்க, கழட்டின பழைய சாமானப் போட டிக்கில ஒரு கோணிப்பை வச்சுக்கோங்க.