ஓடுற நாய், பாயுற கருடன், புதுசா கத்துக்குற கை: கேனன் ஆர்10 + 100-400 லென்ஸ், எட்டு மாச அனுபவம்

கடலூர் முதுநகர் மீன்பிடி துறைமுகத்துல காலையில ஆறரைக்கு போய் நின்னா தலைக்கு மேல கருடனும் கரும்பருந்தும் சுத்திட்டே இருக்கும். படகுல இருந்து மீன இறக்கி, ஆஞ்ச கொடலயும் செவுளயும் தண்ணியில வீசுனதும் ஒன்னு சரேல்னு இறங்கி, தண்ணியில உடம்பு படாமயே கால்ல மட்டும் அள்ளிட்டு பறந்துகிட்டே தின்னும். செங்கல் கலர் ரெக்கை, வெள்ள தலை, காலை வெயில் அதுல பட்டா அப்படி ஒரு அழகு. அத படம் எடுக்கணும்னு ஆசைப்பட்டுதான் நான் கேமரா பக்கமே வந்தேன், அதுக்கு முன்னாடி போன் மட்டும்தான்.

முதல்ல நண்பன்கிட்ட பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்னு வாங்கிட்டு போனேன். அதுல ஃபோகஸ் பாயிண்ட் மொத்தமே 9, ஒரு செகண்டுக்கு 3 படம். மூணு நாள் காலையில போய் நானூறு படம் கிட்ட எடுத்தேன், அதுல கண்ணு ஷார்ப்பா இருந்தது ஆறே ஆறு, அந்த ஆறும் உச்சாணியில சும்மா மிதந்துட்டு இருந்த பறவ. பாயுற நேரத்துல எடுத்தது ஒன்னு கூட தேறல. அந்த கேமராவ குறை சொல்ல வரல, மண்டபத்துல வரிசையா நிக்கிற ஆளுங்கள எடுக்க அது தாராளமா போதும், இந்த வேலைக்கு செஞ்சது இல்ல, அவ்ளோதான்.

ஏன்னு ஒரு கணக்கு போட்டு பாத்தேன், இத கேமரா வாங்க போற எல்லாரும் ஒரு தடவ போட்டு பாருங்க. தேவனாம்பட்டினம் பீச்சுல ஒரு நாய் ஒரு செகண்டுக்கு 10 மீட்டர் வேகத்துல ஓடுதுன்னு வச்சுக்குவோம். செகண்டுக்கு 3 படம்னா ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவுல அது மூணு மீட்டருக்கு மேல தாண்டிடுது, நாலு காலும் தரையில படாம அந்தரத்துல நிக்கிற அந்த நொடி எல்லாம் அந்த இடைவெளியிலயே போயிடும். 15 படம்னா அதே இடைவெளி 67 சென்டிமீட்டர். அப்புறம் ஷட்டர், 1/250 செகண்டு வச்சா ஷட்டர் தொறந்து மூடுறதுக்குள்ள நாய் 4 சென்டிமீட்டர் நகந்துடும், மூஞ்சியே கலங்கிடும், 1/2000 வச்சா அரை சென்டிமீட்டர்தான். மெகாபிக்சல் இந்த கணக்குல எங்கயுமே வரல பாருங்க.

ஆனா இங்க கடலூர்ல ஒரு கடைக்கு போனேன், அவரு மொத வார்த்தையே மெகாபிக்சல்தான் பேசுனாரு. ரெண்டு லென்ஸ், பை, ட்ரைபாட், கார்டு எல்லாம் சேர்த்து ஒரு செட்டு, "பிகினருக்கு இது போதும் தம்பி, எல்லாரும் இதத்தான் வாங்குறாங்க"ன்னாரு. பறக்குற பறவய எடுக்கணும் சார், கண்ண அதுவா புடிக்குமான்னு கேட்டேன், அதெல்லாம் பழகுனா வந்துடும்னு சொல்லிட்டாரு. பழகுனா வரும்தான், இல்லன்னு சொல்லல, ஆனா பழகுறவனுக்கு பத்து படத்துல ரெண்டாவது தேறுனாதான மறுநாள் காலையில எழுந்து போக மனசு வரும்? முதல் கேமராவுல எனக்கு முக்கியமா பட்டது அதுதான்.

அப்புறம் பாண்டிச்சேரியில வாடகைக்கு விடுற எடம் ஒன்னு இருக்குன்னு தெரிஞ்சு பஸ் ஏறிட்டேன். கேனன் ஆர்50, ஆர்10 ரெண்டையும் ரெண்டு நாளைக்கு எடுத்தேன். வாங்குறதுக்கு முன்னாடி வாடகைக்கு எடுத்து பாக்குறதுக்கு ஆகுற காசு செலவே இல்லைங்க, அது உங்க பணத்துக்கு காவல்.

ரெண்டும் ஒரே வீட்டு புள்ளைங்கதான். ஆர்10 2022ல வந்தது, ஆர்50 2023ல. ரெண்டுலயும் 24.2 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சார் (பெரிய ஃபுல் ஃப்ரேம் சென்சார விட சின்னது), ரெண்டுலயும் நாய், பூனை, பறவை எல்லாத்தையும் அதுவா கண்டுபுடிச்சு கண்ணுல கட்டம் போட்டு கூடவே ஓடி வரும். மொத தடவ ஒரு பஞ்சுருட்டான் கம்பியில இருந்து கெளம்பி பூச்சிய புடிச்சிட்டு அதே கம்பிக்கு திரும்பி வந்து உக்காந்தப்ப அந்த சின்ன கட்டம் அதோட கண்ணுலயே ஒட்டிக்கிட்டு நின்னுச்சு, எனக்கு நெஜமாவே கை நடுங்கிடுச்சு. பழைய கேமராவுல ஒன்பது புள்ளியில ஒன்ன பறவ மேல வைக்கவே நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அப்ப வித்தியாசம் எங்கன்னா கையிலயும், வேகத்துலயும். ஆர்50ல ஒரே ஒரு டயல், ஜாய்ஸ்டிக் கெடையாது. ஆர்10ல ரெண்டு டயல், ஜாய்ஸ்டிக் இருக்கு, கட்டவிரல் வைக்கிற எடத்துல ஏஎஃப் ஆன் பட்டன் தனியா இருக்கு. கண்ண வியூஃபைண்டர்ல இருந்து எடுக்காம ஒரு விரல்ல ஷட்டர் வேகம், இன்னொன்னுல ஐஎஸ்ஓ (வர்ற வெளிச்சத்த கேமரா எவ்ளோ கூட்டி காட்டணும்ங்கற அளவு), கட்டவிரல்ல ஃபோகஸ். வேகமா ஓடுற ஒன்ன எடுக்குறப்ப மெனுக்குள்ள போய் தேடுற நேரமே கெடையாது, அதுக்குள்ள கருடன் கெடிலம் ஆத்த தாண்டி போயிருக்கும். ஆர்50 செகண்டுக்கு 12 படம் எடுக்கும், ஆனா ரா ஃபைலா (கேமரா மெருகேத்தாத பெரிய ஃபைல்) எடுத்தா ஏழே படத்துல மூச்சு வாங்கிடும், அதாவது அரை செகண்டு கொஞ்சம் கூட. ஆர்10 மெக்கானிக்கல் ஷட்டர்லயே 15 படம், ரா கிட்டத்தட்ட 29 வரைக்கும் தாங்கும், ரெண்டு செகண்டுன்னு வைங்க. கருடன் தலைய கவுத்து எறங்க ஆரம்பிச்சதுல இருந்து மீனோட மேல ஏறுற வரைக்கும் அந்த ரெண்டு செகண்டுக்குள்ள முடிஞ்சிடும், அதனால எனக்கு அந்த வித்தியாசத்துக்கு குடுத்த காசு வலிக்கவே இல்ல. ஜேபெக் மட்டும் எடுக்குறவங்களுக்கு ஆர்50லயும் 40 படம் கிட்ட வரும், அவங்க இத பெருசா எடுத்துக்க வேணாம்.

நிக்கான் இசட்50 2, சோனி ஏ6700 ரெண்டுமே பறவைய தனியா அடையாளம் கண்டுக்குற நல்ல கேமராங்கதான், தெரிஞ்சவங்ககிட்ட அந்த கம்பெனி லென்ஸ் இருந்து கடன் கெடைக்கும்னா யோசிக்காம அந்த பக்கம் போங்க. நான் கேனன் பக்கம் வந்ததே லென்ஸுக்காகத்தான்.

இப்ப லென்ஸ். பாடிக்கு எவ்ளோ யோசிக்கிறீங்களோ அதுல ரெண்டு மடங்கு இதுக்கு யோசிங்க. நான் வாங்குனது ஆர்எஃப் 100-400 எம்எம் ஜூம் (எம்எம் கூடக்கூட தூரத்துல இருக்குறது கிட்ட தெரியும்), வெறும் 635 கிராம். ஆர்10 பேட்டரி கார்டோட 429 கிராம், ஆக மொத்தம் ஒரு கிலோவுக்கு கொஞ்சம் மேல. 600 எம்எம் போற ஜூம் லென்ஸுங்க ரெண்டு கிலோ கிட்ட வரும், அத மூஞ்சிக்கு நேரா தூக்கி புடிச்சு பறவை பின்னாடியே திருப்பணும், புதுசா கத்துக்குறவங்களுக்கு பத்து நிமிஷத்துல தோள் எறங்கிடும். இந்த சென்சாருக்கு 1.6 பெருக்கல் இருக்குறதால 400ங்கறது 640 மாதிரி தெரியும், படகுத்துறையில நின்னு எதிர்ல இருக்குற படகு மேல சுத்துற கருடனுக்கு அது சரியா இருக்கு. ஃபோகஸ் மோட்டார் நல்ல வேகம், சத்தமும் இல்ல.

விலை மாறிட்டே இருக்கு, ரெண்டும் புதுசா வாங்குனா லட்சத்த தாண்டும், இது சின்ன காசு இல்லன்னு எனக்கும் தெரியும். நான் பாடிய புதுசாவும் லென்ஸ கொஞ்ச நாள் பொழங்குனதாவும் வாங்குனேன். லென்ஸ் பழசா வாங்குறப்ப மொபைல் டார்ச்ச பின்னாடி இருந்து அடிச்சு முன்னாடி பக்கமா பாருங்க, உள்ள சிலந்திவல மாதிரி நூல் நூலா தெரிஞ்சா அது பூஞ்சை, எவ்ளோ கம்மியா குடுத்தாலும் வேணாம்னு வந்துடுங்க. நம்ம கடலோர ஊர்ல இது ரொம்ப சகஜம், நான் பாத்த மொத லென்ஸ்லயே இருந்துச்சு.

குறை இல்லாம இல்ல. இந்த லென்ஸ் 400ல எஃப் 8தான் (வெளிச்சம் உள்ள வர்ற ஓட்டையோட அளவு, நம்பர் பெருசானா ஓட்டை சின்னது), அதுக்கு மேல தொறக்காது, வெளிச்சம் நெறைய கேக்கும். நல்ல வெயில்ல 1/3200 வைக்க ஐஎஸ்ஓ 800 போதும், அதே வேகத்த காலை இளவெயில்ல வைக்கணும்னா 3200க்கு போயிடும், அப்ப படத்துல மணல் மணலா வரும். கம்ப்யூட்டர்ல நாய்ஸ் எடுத்துட்டா பிரிண்ட் போடுற அளவுக்கு நல்லாவே இருக்கு, ஆனா ஐப்பசி கார்த்திகை மழை மேகத்துல மட்டும் நான் பறக்குறத விட்டுட்டு உக்காந்துருக்குறத எடுக்குறேன். பாடியில ஸ்டெபிலைசர் (கை ஆட்டத்த சமாளிக்கிறது) இல்ல, லென்ஸ்ல இருக்கு, 1/2000க்கு மேல போறவங்களுக்கு அதனால பெரிய நஷ்டம் இல்ல. லென்ஸ்ல தண்ணிக்கும் தூசிக்கும் சீல் கெடையாது. ஹூடு (லென்ஸ் முன்னாடி மாட்டுற வெயில் மறைப்பு) கூட பெட்டியில வராது, தனியா வாங்கணும், இவ்ளோ காசு குடுத்து வாங்குற லென்ஸுக்கு ஒரு பிளாஸ்டிக் ஹூடு குடுத்தா என்னன்னு எனக்கு வருத்தம்தான். எலக்ட்ரானிக் ஷட்டர்ல செகண்டுக்கு 23 படம் வரும்னு போட்டிருப்பாங்க, அந்த நம்பர நம்பி வாங்காதீங்க, சென்சார் மேல இருந்து கீழ வரி வரியா படிக்கிறதால அடிக்கிற ரெக்கை வளைஞ்சு நெளிஞ்சு வரும். மெக்கானிக்கல்லயே வச்சுக்குங்க, 15 எக்கச்சக்கம்.

எந்த கேமராவா இருந்தாலும் துறைமுகத்துல ஒரு சிக்கல் உண்டு, பின்னாடி கயிறு, கொடி, பெயிண்ட் அடிச்ச படகுன்னு கண்ண பறிக்கிற சாமான் நெறைய, ஃபோகஸ் அங்க தாவ பாக்கும். பறவ வெறும் வானத்துல இருக்குறப்பவே புடிச்சிடணும், கட்டவிரல எடுக்காம அது எறங்க எறங்க கூடவே வரணும், படகுக்கு முன்னாடி வந்த பிறகு புடிக்கலாம்னு நெனச்சா லேட்டு. சர்வோ மோட் (நகர்றது கூடவே ஃபோகஸும் மாறிட்டே வரும்), ஷட்டர் 1/2500, ஐஎஸ்ஓ ஆட்டோ, சப்ஜெக்ட்ல அனிமல்ஸ், இவ்ளோதான் என் செட்டிங், எட்டு மாசமா மாத்தல. நாய்க்கு மட்டும் 1/1600, முட்டி போட்டு இல்ல மணல்லயே படுத்து எடுங்க, நின்னு எடுத்தா முதுகுதான் வரும்.

பழகுறதுக்கு எடம் கேட்டா நேரா துறைமுகத்துக்கு வராதீங்க, மொதல்ல உப்பனாறு பக்கம் கருப்பு வெள்ளை மீன்கொத்திய தேடுங்க. அது தண்ணிக்கு மேல ஒரே எடத்துல ரெக்கைய அடிச்சிட்டு நிக்கும், அப்புறம்தான் செங்குத்தா விழும், நமக்கு ஃபோகஸ் புடிக்க அதுவே நேரம் குடுக்குது. பனிக்காலத்துல ஊசுடு ஏரிக்கு போங்க, பாண்டியில இருந்து மேற்கால பத்து கிலோமீட்டர்தான், 2008ல பறவைகள் சரணாலயமா அறிவிச்ச ஏரி. அங்க நாமக்கோழி கெளம்புறத பாத்திருக்கீங்களா, சட்டுனு பறக்க வராது அதுக்கு, தண்ணி மேலயே தடதடன்னு ஓடி ஓடிதான் எழும்பும், ஒவ்வொரு அடிக்கும் தண்ணி தெறிக்கும். அதுவா ஓடுற வரைக்கும் காத்திருங்க, படத்துக்காக கல்ல விட்டு எறியுறவங்கள நான் அங்க பாத்தேன், மனசு கேக்கல, போய் சொல்லிட்டுதான் வந்தேன். கூடு இருந்தா கிட்டவே போகாதீங்க.

வீட்டு நாய், பூனை, புள்ளைங்க ஓடுறது மட்டும் போதும்னா ஆர்50ம் அதோட 55-210 லென்ஸும் வாங்குங்க, 375 கிராம்தான் பாடி, கைப்பையிலயே போயிடும். பறவை உங்க மனசுல இருந்துச்சுன்னா கொஞ்ச மாசம் கூட காசு சேத்துட்டு ஆர்10க்கே போங்க, 210 எம்எம்ல கருடன் கடுகு மாதிரிதான் வரும்.

கடலோரம் எடுத்துட்டு வந்தா அன்னைக்கே லேசா ஈரம் பண்ணுன துணியால உப்ப தொடச்சு, காய்ஞ்ச துணியால இன்னொரு தடவ தொடச்சிட்டு, காத்து போகாத டப்பாவுல சிலிக்கா ஜெல்லோட வைங்க. ஒரு பேட்டரி கூடுதலா வாங்கிக்குங்க, நாள் முழுக்க ஒன்னு தாங்காது.

எறங்குற நொடிய நான் புடிச்சது கேமராவால மட்டும் இல்ல. துறைமுகத்துல மீன் ஆஞ்சு குடுக்குற அக்கா ஒருத்தவங்க என்ன ரெண்டு வாரம் பாத்துட்டு, "தம்பி, அது எடுத்தவுடனே எறங்காது, ரெண்டு சுத்து சுத்தும், மூணாவது சுத்துல கால தொங்க விடும் பாரு, அப்ப புடி"ன்னாங்க. மறுநாள் அப்படியே பண்ணேன், 22 படத்துல 14 ஷார்ப்பு, அதுல ஒன்னுல நகம் மீன தொடுற எடம், தண்ணி சொட்டு அந்தரத்துல நிக்குது. பெரிய பிரிண்ட் ஒன்னு போட்டு அவங்களுக்கு எடுத்துட்டு போனேன். கைய பாவாடையில தொடச்சிட்டு வாங்கி ரொம்ப நேரம் பாத்தாங்க, அப்புறம் வலது ரெக்கையில இறகு ஒன்னு இல்லாம இருக்குற எடத்துல விரல வச்சு, "இது நம்ம சாயங்காலம் வர்றவன்"னாங்க.