பித்தப்பைக் கல்: மாத்திரையா, லேப்ராஸ்கோப்பியா?

ஸ்கேனில் கல் தெரிந்தும் வலியே இல்லையென்றால் பெரும்பாலும் இரண்டுமே வேண்டாம். எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டதும் வலது விலாவுக்குக் கீழே பிடித்து, தோள்பட்டை வரை ஏறுகிறவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி.

காலம்: கல்லைக் கரைக்கும் அர்சோடியாக்சிகோலிக் அமில மாத்திரை 6 மாதம் முதல் 2 வருடம் வரை. லேப்ராஸ்கோப்பி அறுவை என்றால் வயிற்றில் நாலு சின்னத் துளை, ஓரிரு நாளில் வீடு.

எந்தக் கல்: மாத்திரை சிறிய கொழுப்புக் கற்களுக்கு மட்டும், சுண்ணாம்பு படிந்தவை கரையாது. அறுவைக்கு அந்தப் பாகுபாடு கிடையாது.

திரும்ப வருமா: மாத்திரையை நிறுத்திய 5 ஆண்டுகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வரலாம். அறுவையில் பையையே எடுத்துவிடுகிறார்கள். (பை இல்லாமல் செரிக்குமா? பித்தநீரைச் சுரப்பது கல்லீரல்தானே. சிலருக்குக் கொஞ்ச நாள் வயிறு இளகும், அவ்வளவுதான்.)

மயக்க மருந்து தாங்காதவர்களுக்கு, கல்லும் சின்னதென்றால், மாத்திரை. மற்றவர்களுக்கு என் ஓட்டு அறுவைக்கே. காய்ச்சல், மஞ்சள் காமாலை சேர்ந்தால் உடனே ஆஸ்பத்திரி.