ஜார்ஜ் டவுன் தெருக்களில் 4×5 ஃபிலிம் கேமரா: ஆறு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

2019 இறுதியில் செர்ரி மரத்தாலான ஜப்பானிய 4×5 ஃபீல்டு கேமரா ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். 4×5 அங்குல ஃபிலிம் ஷீட்டில் ஒவ்வொரு படமாக எடுக்கும், மடித்து எடுத்துச் செல்லக்கூடிய கேமரா அது. அதற்கு முன் பல ஆண்டுகள் 35 மில்லிமீட்டர் கேமராவோடு சென்னைத் தெருக்களில் அலைந்தவன் நான். இவ்வளவு பெரிய பெட்டியை முக்காலியில் ஏற்றிக்கொண்டு பாரிமுனையில் என்ன செய்யப்போகிறாய் என்று நண்பர்கள் கேட்டபோது என்னிடம் ஒழுங்கான பதில் இல்லை. இதுவரை ஏறத்தாழ 600 ஷீட்கள் எடுத்திருக்கிறேன். பெரும்பகுதி ஜார்ஜ் டவுனிலும், மீதி திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் எடுத்தவை. இப்போது பதில் இருக்கிறது, ஆனால் லார்ஜ் ஃபார்மட் எனப்படும் இத்தகைய பெரிய ஃபிலிம் கேமராக்களைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் பதில் அதுவன்று.

பையில் இருப்பவை அதிகமில்லை: 90 மில்லிமீட்டர், 150 மில்லிமீட்டர் லென்ஸ்கள் இரண்டு, ஃபிலிம் ஏற்றிய ஐந்து ஹோல்டர்கள் (ஒன்றுக்கு இரண்டு வீதம் பத்து ஷீட்), ஒளிமானி, ஃபோகஸ் பார்க்க லூப் என்ற உருப்பெருக்கி, கறுப்புத் துணி. முக்காலியோடு சேர்த்து ஒன்பது கிலோ. ஞாயிற்றுக்கிழமை அதிகாலை மின்சார ரயிலில் கடற்கரை நிலையத்தில் இறங்கி நடக்கும்போது முதல் அரை கிலோமீட்டருக்கு இது ஒரு சுமையாகவே தெரியாது.

லிங்கிச் செட்டித் தெரு, தம்புச் செட்டித் தெரு போன்றவற்றில் பழைய கட்டடங்களை எடுக்க முயன்ற எவரும் அறிந்த சிக்கல் ஒன்று உண்டு. தெரு குறுகல், கட்டடம் உயரம். பின்னே போக இடமில்லாமல் சாதாரணக் கேமராவை அண்ணாந்து பிடித்தால், தூண்கள் எல்லாம் மேலே போகப் போக ஒன்றையொன்று நெருங்கி, கட்டடம் பின்பக்கமாக விழுவதுபோல் பதியும். எதிர்ச் சுவரில் முதுகு ஒட்ட நின்றால் லென்ஸுக்கும் கட்டடத்துக்கும் இடையே 9 மீட்டர் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 90 மில்லிமீட்டர் லென்ஸில் கட்டடம் நூறில் ஒரு பங்காகப் பதியும். ஷீட்டைச் செங்குத்தாக வைத்தால் 12 மீட்டர் உயரம் அதில் அடங்கும். ஆனால் கேமரா தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் சமமட்டமாக நிற்கும்போது, சட்டகத்தின் கீழ்ப்பகுதியைத் தார்ச் சாலையும் சாக்கடை மூடிகளும் தின்றுவிடும். மேலே ஏழரை மீட்டரில் கட்டடம் வெட்டுப்படும். இந்த நிலையில் கேமராவைச் சாய்க்காமல், லென்ஸ் தாங்கும் முன்பலகையை மட்டும் 2 சென்டிமீட்டர் உயர்த்துகிறேன். சட்டகம் மொத்தமாக 2 மீட்டர் மேலேறி, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர்வரை பிடித்துக்கொள்ளும். தூண்கள் தூண்களாகவே நிற்கும். ‘ரைஸ்’ எனப்படும் இந்த ஒரே வசதிக்காகத்தான் நான் இந்தக் கேமராவை இன்னும் வைத்திருக்கிறேன்.

இதையெல்லாம் கணினியில் நேராக்கிக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். நேராக்கலாம். ஆனால் அப்போது மேல்மாடிகள் இழுத்து விரிக்கப்பட்டு, ஜன்னல் கம்பிகளும் சுதை வேலைப்பாடுகளும் இருக்கும் இடத்திலேயே விவரம் குறைகிறது. அதைவிட முக்கியமாக, தெருவில் நிற்கும்போதே முழுச் சட்டகத்தையும் கண்ணால் பார்த்து, கைவண்டி எந்த இடத்தில் நின்றால் சரியாக இருக்கும் என்று முடிவெடுக்க முடியாமல் போகிறது.

ரைஸுக்கு எல்லை உண்டு. என்னிடமுள்ள 90 மில்லிமீட்டர் சூப்பர் ஆங்குலான் லென்ஸ், துளையை எஃப் 22 அளவுக்குச் சுருக்கும்போது 216 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒளிவட்டத்தைத் தருகிறது. கணக்குப்படி செங்குத்து ஷீட்டில் 37 மில்லிமீட்டர்வரை உயர்த்தலாம். அதைத் தாண்டினால் மேல்மூலைகள் வளைவாகக் கறுத்துவிடும். பழைய பாரீசின் தெருக்களை 18×24 சென்டிமீட்டர் கண்ணாடித் தகடுகளில் பதிவு செய்த யூஜீன் அட்ஜேவின் படங்கள் பலவற்றில் மேல்மூலைகள் இப்படி வட்டமாக இருண்டிருப்பதைக் காணலாம். கட்டடத்தின் உச்சி வேண்டும் என்பதற்காக மூலைகளை அவர் விட்டுக்கொடுத்திருக்கிறார். எனக்கு அது பிழையாகத் தோன்றவில்லை, நானும் 150 மில்லிமீட்டர் லென்ஸில் சில ஷீட்களில் அதையே செய்திருக்கிறேன்.

என் கேமராவின் பெருங்குறை இந்த இடத்தில்தான் வெளிப்படுகிறது. 90 மில்லிமீட்டர் லென்ஸை மாட்டினால் முன்பலகையும் ஃபிலிம் இருக்கும் பின்பலகையும் மிக நெருங்கி, இரண்டையும் இணைக்கும் துருத்தியான பெல்லோஸின் மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக இறுகிவிடும். லென்ஸ் 37 மில்லிமீட்டருக்கு இடம் கொடுத்தாலும் பெல்லோஸ் 20ஐத் தாண்ட விடுவதில்லை. தளர்வான பை வடிவப் பெல்லோஸை இந்தக் கேமராவில் மாற்றிப் பொருத்தவும் முடியாது. பெல்லோஸ் இறுகாத 150 மில்லிமீட்டர் லென்ஸில், முன்பலகையின் ஏற்றம் போதாதபோது ஒரு பழைய உபாயம் இருக்கிறது: கேமராவின் அடிப்பலகையையே மேல்நோக்கிச் சாய்த்துவிட்டு, பிறகு முன்பலகை, பின்பலகை இரண்டையும் தனித்தனியே செங்குத்தாக நிமிர்த்தினால், ரைஸ் மறைமுகமாகக் கிடைத்துவிடும். முதல் இரண்டு ஆண்டுகள் இது தெரியாமல், மாடி வெட்டுப்பட்ட நெகட்டிவ்களாகச் சேர்த்து வைத்திருக்கிறேன்.

வெளிச்சத்துக்கு வருவோம். ஜார்ஜ் டவுனில் எனக்குக் கிடைக்கும் நேரம் ஞாயிறு காலை ஆறேகால் முதல் எட்டரைவரைதான். அதன்பின் டெம்போக்களும் இருசக்கர வண்டிகளும் வந்து நின்றால் முக்காலி விரிக்கும் பேச்சே இல்லை. 150 மில்லிமீட்டர் லென்ஸில் ஐந்து மீட்டரிலிருந்து தெருக்கோடிவரை கூர்மையாக வேண்டுமென்றால் எஃப் 22 தேவை. 400 ஐஎஸ்ஓ ஃபிலிமிலும், நன்கு விடிந்தபின் நிழலில் அதற்கு 1/30 நொடி ஆகிறது. ஆறரை மணிக்கு அரை நொடி, ஒரு நொடிகூட ஆகும். பத்து மீட்டர் தொலைவில் குறுக்கே நடப்பவர் 1/30 நொடியில் 4 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறார். நெகட்டிவில் அது அரை மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கலங்கல். எனவே நடப்பவர்கள் புகையாவார்கள், உட்கார்ந்திருப்பவர்கள் நிலைப்பார்கள். 1838இல் ஒளிப்பட முன்னோடி டாகேர் எடுத்த பாரீஸ் பூல்வார் படத்தில், பரபரப்பான அந்தச் சாலை முழுவதும் வெறிச்சோடியிருக்க, காலணிக்கு மெருகு போட்டுக்கொள்ள ஓரிடத்தில் நின்ற ஒருவர் மட்டும் பதிந்ததற்கும் இதுவே காரணம். என் படங்களில் தெளிவாக இருப்பவர்கள் தேநீர்க் கடை பெஞ்சில் நாளிதழ் படிப்பவர்களும், வண்டியின்மேல் உறங்கும் தொழிலாளர்களும், தெருநாய்களும்தான். ஓடும் வாழ்க்கையைப் பிடிக்க விரும்புபவர் 35 மில்லிமீட்டரையே வைத்துக்கொள்ளலாம். இந்தக் கேமரா அந்த வேலைக்கு உதவாது. விளக்கொளியில் எடுப்பது இன்னும் கடினம்: நீண்ட நேர எடுப்பில் ஃபிலிமின் உணர்திறன் குறைவதால், ஒளிமானி 10 நொடி என்று காட்டினால் எச்பி5 என்ற 400 ஐஎஸ்ஓ கறுப்புவெள்ளை ஃபிலிமுக்கு உண்மையில் 20 நொடி கொடுக்க வேண்டும்.

முக்காலியைப் பார்த்ததும் மக்கள் முதலில் கேட்பது, “சர்வேயா சார்? மெட்ரோவா?” என்பதுதான். தெருவை அகலப்படுத்தப் போகிறார்களா, கடையை எடுத்துவிடுவார்களா என்ற கவலை அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அதனால் எதற்கும் முன் அந்தச் சந்தேகத்தைத் தீர்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். கறுப்புத் துணியை விலக்கி, கேமராவின் பின்னால் பிம்பம் விழும் தேய்த்த கண்ணாடியான கிரவுண்ட் கிளாஸைக் காட்டினால் போதும். தன் கடை தலைகீழாகவும் இடவலம் மாறியும் வண்ணத்தில் அசைவதைக் கண்டவர் அதன்பின் எனக்குக் காவலாளியாகவே மாறிவிடுகிறார். பூக்கடைப் பக்கம் ஒரு பெரியவர், “தம்பி, எங்க கல்யாண போட்டோ இந்த மாதிரி பொட்டியிலதான் எடுத்தாங்க” என்று சொல்லிவிட்டு, குறுக்கே வந்த சைக்கிளை நிறுத்தி வைத்தார். காவலர்கள் இரண்டு முறை விசாரித்திருக்கிறார்கள். பொதுத் தெருவில் நிற்கிறேன் என்பதைப் பொறுமையாகச் சொன்னதில் இரண்டும் நல்லபடியாகவே முடிந்தன. உயர் நீதிமன்ற வாசலிலும் துறைமுகப் பக்கமும் முக்காலி விரிக்க நான் முயன்றதே இல்லை.

ஆட்களை எடுக்கும்போது ஒரு கயிறு உதவுகிறது. ஃபோகஸ் செய்தபின் ஷட்டரை மூடி, ஹோல்டரைச் செருகி, ஃபிலிமை மூடியிருக்கும் டார்க் ஸ்லைடை உருவுவதற்குள் எதிரே நிற்பவர் முன்னும் பின்னும் அசைந்துவிடுவார். ஹோல்டர் உள்ளே போனபின் கிரவுண்ட் கிளாஸில் எதையும் பார்க்க முடியாது. ஆகவே லென்ஸ் பலகையிலிருந்து அவர் கன்னம்வரை ஒரு கயிற்றைப் பிடித்து முடிச்சுப் போட்டுக்கொள்வேன். எடுப்பதற்குச் சற்று முன் முடிச்சு அதே இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கயிற்றை விடுவேன். தையல்காரர் அளவெடுப்பதுபோல் இருக்கிறது என்று எல்லோரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு அடங்கும் கணத்தில் எடுத்தவைதான் என் நல்ல படங்கள்.

இந்த மெதுவான நடைமுறையே லார்ஜ் ஃபார்மட்டின் சிறப்பு, அது நம்மை நிதானப்படுத்துகிறது என்று பலர் எழுதுகிறார்கள். ஆறு ஆண்டுகளுக்குப் பின்னும் என்னால் அதை ஏற்க முடியவில்லை. மெதுமை என்பது இந்தக் கேமரா வாங்கும் வட்டி. ஒரு ஷீட்டுக்கு எனக்குப் பத்து நிமிடம் ஆகிறது. அந்தப் பத்து நிமிடத்தில் வெயில் ஏறி, ஒரு லாரி வந்து நின்று, கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்மணி வீட்டுக்குள் போய்விடுகிறார். நிதானம் என்னைப் பிழைகளிலிருந்தும் காப்பாற்றவில்லை: ஷட்டரை மூடாமலே டார்க் ஸ்லைடை உருவியிருக்கிறேன், அப்பர்ச்சரைச் சுருக்க மறந்திருக்கிறேன், எடுக்காத ஷீட்டைக் குறிக்கும் ஸ்லைடின் வெள்ளைப் பக்கத்தையும், எடுத்ததைக் குறிக்கும் கறுப்புப் பக்கத்தையும் குழப்பி ஒரே ஷீட்டில் இரண்டு தெருக்களைப் பதித்திருக்கிறேன்.

சென்னையின் தட்பவெப்பம் தனிப் பகை. மே மாதத்தில் வெளிச்சம் புகாத சேஞ்சிங் பேக்குக்குள் கைகளை விட்டு ஃபிலிம் ஏற்றினால் ஐந்தாவது ஷீட்டுக்குள் கை வியர்த்துவிடும். வியர்வை பட்ட இடம் நெகட்டிவில் கறையாக நிற்கும். இப்போது இரவில் குளியலறையை இருட்டாக்கி, குழாயைச் சற்றுத் திறந்து தூசியை அடக்கிவிட்டு ஏற்றுகிறேன். எடுக்கும்போது ஷீட்டின்மேல் இருந்த தூசி அச்சில் கரும்புள்ளியாக வரும். ஸ்கேன் செய்யும்போது சேர்ந்த தூசி வெண்புள்ளியாக வரும். எங்கே தவறினோம் என்று கண்டுபிடிக்க இந்த வேறுபாடு மிகவும் பயன்பட்டது. கோடையில் குழாய்த் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டுவதால், ஐஸ் போட்ட வாளிக்குள் எல்லாப் பாட்டில்களையும் நிறுத்தி 24 டிகிரிக்கு இறக்குகிறேன். ஐடி-11 டெவலப்பரில் எச்பி5க்கு 1+1 (சம அளவு தண்ணீர் சேர்த்த) கரைசலில் 20 டிகிரியில் 13 நிமிடம் என்றால், 24இல் சுமார் 9 நிமிடம். 20க்கு இறக்கப் போராடுவதைவிட, டெவலப்பர் முதல் கழுவும் தண்ணீர்வரை எல்லாவற்றையும் ஒரே வெப்பநிலையில் வைப்பதே முக்கியம். மூன்றாம் மழைக்காலத்தில் 150 மில்லிமீட்டர் லென்ஸின் உட்புறம் பூஞ்சை பிடித்தது. அதன்பின் லென்ஸ்கள் சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகளோடு காற்றுப் புகாத டப்பாவில்தான் உறங்குகின்றன. பெல்லோஸ் மூலைகளில் ஊசித் துளைகள் விழுந்ததும் அதே பருவத்தில்தான்.

ஷீட் ஒன்றுக்கு 350 ரூபாய்வரை எனக்குச் செலவாவதால், பயிற்சிக்கு மருத்துவ எக்ஸ்ரே ஃபிலிமை வெட்டிப் பயன்படுத்திப் பார்த்தேன். பச்சை ஒளி உணரும் வகை அது. 80 ஐஎஸ்ஓ என்று கணக்கிட்டால் பகலில் சரியாக வருகிறது, சிவப்பு விளக்கின் கீழே வெட்டவும் டெவலப் செய்யவும் முடிகிறது. இருபுறமும் பூச்சு இருப்பதால் நகம் பட்டாலே கீறல் விழும். மலிவுக்காகத் தொடங்கிய இது வேறொரு வாசலைத் திறந்தது: சிவப்பை உணராததால், கோயில் மதிலின் காவிப் பட்டைகள் வெள்ளைப் பட்டைகளுக்கு நடுவே ஏறக்குறையக் கறுப்பாகவே பதிகின்றன, நாட்டு ஓடு வேய்ந்த கூரைகளும், நெற்றிக் குங்குமமும் அப்படியே. சாதாரண ஃபிலிமில் மங்கிய சாம்பலாகப் போகும் மதில்களை இப்போது வேண்டுமென்றே இதில்தான் எடுக்கிறேன்.

விவரத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஷீட்டின் பரப்பு 35 மில்லிமீட்டரைப்போல் 13 மடங்கு. வீட்டு ஸ்கேனரில் 2400 டிபிஐ வைத்தாலே நூறு மெகாபிக்சல் வருகிறது. கச்சேரி சாலைப் பக்கம் மெட்ரோ தடுப்புகள் வருவதற்கு முன் எடுத்த ஒரு நெகட்டிவில், நான் அன்று கவனிக்காத ஒரு பெயர்ப்பலகையில் ஏழு இலக்கத் தொலைபேசி எண்ணும், பழைய எண், புதிய எண் என்று இரண்டு கதவு எண்களும் இப்போது படிக்கக் கிடைக்கின்றன.

வாங்க நினைப்பவர்கள் இருட்டறையில் பெல்லோஸுக்குள் டார்ச் அடித்துப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். ஷட்டரின் 1 நொடி, 1/2 நொடி வேகங்களையும் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தெருவின் காலை வெளிச்சத்தில் அதிகம் உழைக்கப்போவது அவைதான். மலைக்கும் கடற்கரைக்கும் மரக் கேமரா அழகாக இருக்கும். குறுகிய தெருதான் உங்கள் களம் என்றால், ஒரு கிலோ கூடினாலும் பை வடிவப் பெல்லோஸ் பொருத்தக்கூடியதை எடுங்கள். நானும் அப்படி ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால் செர்ரி மரத்தை விற்றுவிடுவேன், 90 மில்லிமீட்டர் லென்ஸை விற்க மாட்டேன்.