ஃப்ரீலான்ஸ் வரவுக்கு நாலு வழி: எதில் மிச்சம், எதில் பொய்?

வெளிநாட்டு கிளையண்டுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்யும் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு சீக்கிரமே வரிக்கு வந்துவிடும். "நீ காட்டுறியா?" என்றுதான் ஆரம்பிக்கும். நடைமுறையில் நாலு வழிகள் புழங்குகின்றன. வரவையே காட்டாமல் விடுவது. 'வியாபாரம்' என்று சொல்லி வரவில் 6 சதவீதம்தான் லாபம் என்று காட்டுவது. தொழில்முறை வேலை செய்பவர்களுக்கான 44ஏடிஏ பிரிவில், கணக்கு எழுதாமல் வரவில் பாதியை வருமானமாகக் காட்டுவது. கணக்கு எழுதி உண்மையான லாபத்தைக் காட்டுவது. (2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறிவிட்டன. முறை அப்படியேதான் இருக்கிறது என்பதால் எல்லோருக்கும் பழகிய பழைய எண்ணையே வைத்துக்கொள்கிறேன்.)

ஒரு சாஃப்ட்வேர் ஃப்ரீலான்ஸரை எடுத்துக்கொள்வோம். வருட வரவு 18 லட்சம், லேப்டாப் தேய்மானம், இன்டர்நெட், சந்தா எல்லாம் சேர்த்துச் செலவு 3 லட்சம். 2025–26 நிதியாண்டின் புதிய வரிமுறைப்படி, கணக்கு எழுதினால் லாபம் 15 லட்சம்; வரி செஸ்ஸோடு 1,09,200 ரூபாய். 44ஏடிஏ என்றால் வருமானம் 9 லட்சம். 12 லட்சம் வரை முழுத் தள்ளுபடி இருப்பதால் வரி பூஜ்யம். 6 சதவீத வழியிலும் பூஜ்யம். மறைத்தாலும் பூஜ்யம்.

அப்படியானால் மறைப்பவர் எதை மிச்சம் பிடிக்கிறார்? வரவு 24 லட்சம் வரை ஒரு பைசாவும் இல்லை, ஏனென்றால் அதில் பாதி 12 லட்சம்தான். சொல்லப்போனால் நஷ்டம்தான். உள்ளூர் கம்பெனி பணம் கொடுக்கும்போது 194ஜே பிரிவில் டிடிஎஸ் பிடிக்கிறது, தொழில்முறைச் சேவை என்றால் 10 சதவீதம். 6 லட்சத்துக்கு பில் போட்டிருந்தால் 60,000 ரூபாய் ஏற்கெனவே அரசிடம் போய்விட்டது. ரிட்டர்ன் போட்டால் அது திரும்பி வரும். வரிக்குப் பயந்து ரிட்டர்ன் போடாதவர் கட்டவே வேண்டாத வரியைக் கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

வெளிநாட்டுப் பணத்தில் மறைப்பது எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். பணம் வரும்போது வங்கி 'பர்ப்பஸ் கோட்' கேட்கும், அதாவது பணம் எதற்காக வந்தது என்பதற்கான குறியீடு. சாஃப்ட்வேர் ஆலோசனைக்கு பி0802. ஆனால் சிலர் பி1301 என்று போடுவார்கள், அதாவது வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் குடும்பச் செலவுக்கு அனுப்பியது என்று. அனுப்பியவர் பெயரில் ஏதோ ஒரு கம்பெனி, காரணத்தில் குடும்பச் செலவு! இது வருமான வரியோடு நிற்காது, அந்நியச் செலாவணிச் சட்டத்துக்கும் பொய்த் தகவல். சரி, அன்பளிப்பு என்று சொல்லிவிடலாம் என்றால், உறவினர் அல்லாதவரிடமிருந்து வருடத்துக்கு 50,000 ரூபாயைத் தாண்டி வந்தால் மொத்தமும் வரிக்கு உட்பட்டதுதான். மாட்டிக்கொண்டால் மாதம் 1 சதவீத வட்டி, தவறான தகவல் கொடுத்ததற்கு வரியில் 200 சதவீதம் அபராதம்.

6 சதவீத வழிதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. 44ஏடி பிரிவு வியாபாரிகளுக்கானது. டிஜிட்டலாக வந்த பணத்துக்கு 6 சதவீதம் லாபம் என்று கணக்கு. கடைக்காரர் சரக்கு வாங்கி விற்கிறார், அவருக்கு அது பொருந்தும். கோடிங் செய்பவரின் சரக்கு என்ன? தகவல் தொழில்நுட்பம் தொழில்முறைப் பட்டியலில் இருக்கிறது, அந்தப் பட்டியலில் இருப்பவர்களுக்கு 44ஏடி கிடையாது என்று சட்டம் நேராகவே சொல்கிறது. வரவு 30 லட்சம், செலவு 4 லட்சம் என்று வைத்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். கணக்கு எழுதினால் வரி 3,74,400. 44ஏடிஏவில் 1,09,200. 44ஏடியில் வருமானமே 1.8 லட்சம்தான், வரி பூஜ்யம். மறைப்பவருக்காவது தான் மறைக்கிறோம் என்று தெரியும். இவர் "ஆடிட்டர்தான் போட்டுக் கொடுத்தார்" என்று நிம்மதியாக இருக்கிறார். எழுத்து, மொழிபெயர்ப்பு போன்ற வேலைகள் மட்டும் பட்டியலில் பெயர் சொல்லி இல்லை. அங்கே இரு பக்கமும் வாதாட இடமுண்டு. கமிஷன் வருமானத்துக்கு 44ஏடி இல்லை, இதை அஃபிலியேட் லிங்க் போடுபவர்கள் கவனிக்க வேண்டும்.

44ஏடிஏ பற்றி ஒரு நியாயமான கேள்வி உண்டு. செலவு 3 லட்சம்தான், 9 லட்சம் செலவானது போலக் காட்டுவது நேர்மையா? அதே 18 லட்சம் சம்பளம் வாங்கும் பக்கத்து வீட்டுக்காரர் நிலையான கழிவு போக 1,50,800 ரூபாய் கட்டுகிறார். அவருக்கு வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் இங்கே யாரும் பொய் சொல்லவில்லை. கணக்குப் புத்தகச் சுமை வேண்டாம் என்று 2016 நிதிச் சட்டத்தில் அரசே பாதி என்று கோடு போட்டது. பிஎஃப், கிராஜுவிட்டி, சம்பளத்தோடு லீவு எதுவும் இல்லாதவர்களுக்கு அது அநியாயச் சலுகை என்று எனக்குத் தோன்றவில்லை. போலி ஏற்பாடுகள் வரித் திட்டமிடல் ஆகாது என்று மெக்டவல் வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்காக வரியைக் குறைக்கும் எல்லாச் செயலும் தவறாகிவிடாது என்று 2003இல் ஆசாதி பசாவ் ஆந்தோலன் வழக்கில் தெளிவாக்கியது. 44ஏடிஏ இந்த இரண்டாவது பக்கத்தில் வருகிறது. கோடிங்கை வியாபாரம் என்பது முதல் பக்கத்தில்.

கணக்கு எழுதும் வழி யாருக்கு? ஆள் வைத்து வேலை வாங்குபவர், செலவு பாதிக்கு மேல் போகிறவர். பாதிக்கும் குறைவான லாபம் காட்டினால், வருமானம் வரிவிலக்கின் அடிப்படை வரம்பைத் தாண்டும்போது ஆடிட் கட்டாயம். வரவு 50 லட்சத்தைத் தாண்டினால் 44ஏடிஏ இல்லை. ரொக்கம் 5 சதவீதத்துக்குள் இருந்தால் மட்டும் வரம்பு 75 லட்சம். அப்புறம், எந்த வழியானாலும் சேவை வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். ஏற்றுமதிக்கு வரி இல்லை என்பதால் பதிவே வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு.

வீட்டுக் கடன் யோசனை இருப்பவருக்கு 44ஏடிஏவிலேயே இன்னொரு வசதி உண்டு. பாதி என்பது குறைந்தபட்சம்தான், அதிகமாகவும் காட்டலாம். நம் 18 லட்சக்காரர் 9 லட்சத்துக்குப் பதில் 12 லட்சம் என்று காட்டினாலும் வரி பூஜ்யமே. வங்கி பார்க்கும் வருமானம் 3 லட்சம் கூடும், உண்மையான லாபத்துக்கும் அவ்வளவு கிட்டத்தில் போயிருப்பார்.