நெத்திலியா, மத்தியா?

இரண்டுமே கரையோரக் கடலில் மேல்மட்டத்தில் கூட்டம் கூட்டமாகத் திரிகிற, மிதவை உயிரிகளைத் தின்று வாழ்கிற மீன்கள்தான், ஆனால் சமையலறைக்கு வந்துவிட்டால் குணம் முழுக்க வேறு.

நெத்திலி விரல் தடிமன்கூட இருக்காது. பக்கவாட்டில் வெள்ளிக்கோடு ஓடும், வாய் கண்ணைத் தாண்டிப் பின்னால் வரை பிளந்திருக்கும். மத்திக்கு வாய் சின்னது, உடம்பு தடிமன், 20 செ.மீ. வரை வளரும், வயிற்றோரம் தடவினால் சொரசொரப்பு தெரியும்.

சுத்தம் செய்வதில் நெத்திலி பொறுமையைச் சோதிக்கும். அரைக் கிலோ என்றாலும் ஒவ்வொன்றாகத் தலையைக் கிள்ளி, அதோடு குடலையும் இழுத்தெடுக்க வேண்டும். அதன் பலன் சாப்பிடும்போது தெரியும்: மொறுமொறுவென்று வறுத்தால் முள்ளோடு மென்றுவிடலாம், அந்த முள்ளில்தான் சுண்ணாம்புச் சத்தே இருக்கிறது.

மத்தியில் கொழுப்பு அதிகம், ஒமேகா 3 தாராளம். குடம்புளி போட்டு மண்சட்டியில் குழம்பு வைத்து மறுநாள் சாப்பிட்டுப் பாருங்கள், அதற்கு ஈடே கிடையாது! ஆனால் அந்த எண்ணெய்ப்பசையால் பச்சை மீன் சீக்கிரம் சிக்கு வாடை அடித்துவிடும், வாங்கிய அன்றே சமைத்துவிடுங்கள். கருவாட்டுக்கு என் ஓட்டு நெத்திலிக்குத்தான்.

அப்புறம், மத்தி எப்போதும் கிடைக்கும் என்று நம்ப முடியாது. கேரளத்தில் 2012-ல் ஏறத்தாழ 4 லட்சம் டன் பிடிபட்டது, 2021-ல் வெறும் 3,297 டன். குஞ்சு மத்தியைக் கூறு கட்டி விற்றால் தயவுசெய்து வாங்காதீர்கள்.