பாம்ப்ளமூஸ் தோட்டமா, மோன் ஷுவாசி கடற்கரையா?

பார்வை குறைந்த பிள்ளையையோ காது கேளாத பிள்ளையையோ விடுமுறையில் எங்கே கூட்டிப்போவது? மொரீசியஸின் வடக்கில் இருக்கும் நம் குடும்பங்களுக்கு பாம்ப்ளமூஸ் தாவரவியல் தோட்டம், மோன் ஷுவாசி கடற்கரை, இந்த இரண்டும்தான் முதலில் தோன்றும்.

மணம்
தோட்டம்: இங்கே இதற்கு ஈடே இல்லை. 1770 வாக்கில் பிரெஞ்சு அதிகாரி பியர் புவாவ்ர் தீவுக்கு வரவழைத்த கிராம்பு, ஜாதிக்காய் வகை மரங்கள் உண்டு. பட்டை, கற்பூர மரங்களும் உண்டு. மரத்தில் பறிக்க வேண்டாம், கீழே விழுந்த இலையைக் கசக்கிக் கொடுங்கள். கற்பூர இலையை முகர்ந்ததும் பிள்ளை "சாமி ரூம்!" என்று சொல்லிவிடும்.
கடற்கரை: உப்பும் பாசியும்.

தொடுதல்
தோட்டம்: மரப்பட்டைகளும் வேர்களும். ராட்சத அல்லி இலை குளத்தில் இருப்பதால் கைக்கு எட்டாது; காது கேளாத பிள்ளைக்கு அது நல்ல கண்காட்சி.
கடற்கரை: ஈர மணல், காய்ந்த மணல், சவுக்குக் காய். தண்ணீரில் இறங்கினால் செருப்பு கட்டாயம், கல்போலக் கிடக்கும் கல்மீனின் முள் விஷமுள்ளது.

ஒலி
தோட்டம்: பறவைகள், சருகு.
கடற்கரை: சவுக்குத் தோப்பில் காற்றின் இரைச்சல். பார்வையில்லாத பிள்ளை அலையோசையை ஒரே பக்கமாக வைத்து நடந்தால் திசை தவறாது. ஆனால் காது மெஷினுக்குக் காற்று தொல்லை, மணலும் உப்புநீரும் பகை. குளிக்கும் முன் கழற்றி மூடிய டப்பாவில் வையுங்கள்.

நடை
தோட்டம்: அகலமான சமதளப் பாதை, நிழல், கொஞ்சம் கொசு.
கடற்கரை: மணலில் கால் புதையும். கண் கூசும் பிள்ளைக்குத் தொப்பி வேண்டும்.

சரி, எது யாருக்கு? பார்வை இழந்த பிள்ளைக்கு முதலில் தோட்டம்தான். காது மெஷின் போட்ட பிள்ளைக்கும் அதுவே. மெஷின் இல்லாமல் சைகையில் பேசும் பிள்ளை, ஓடியாட ஆசைப்படும் பிள்ளை என்றால் தயங்காமல் கடற்கரைக்குப் போங்கள், காலையிலேயே.