டயபரில் எதைப் பார்த்துப் பயப்படுவது? பிறந்ததிலிருந்து டாய்லெட் பழகும் வரையிலான அனுபவம்

என் மகன் பிறந்த வாரத்திலிருந்து டாய்லெட் பழகும் வரை பகலிலும் இரவிலும் டிஸ்போசபிள் டயபர்தான் போட்டோம். இப்போது மகளுக்கும் அதுதான். இடையில் பல பிராண்டுகள் மாறின. தெரிந்தவர்கள் வீட்டில் குழந்தை பிறந்ததும் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, ‘டயபர் கெமிக்கல் ஒன்றும் செய்யாதா?’ என்பதுதான். அவர்கள் மனதில் இருப்பது பெரும்பாலும் உள்ளே இருக்கும் ஜெல். ஆனால் எங்களுக்குத் தொந்தரவு கொடுத்தவை எலாஸ்டிக் ஓரமும் வாசனையும்தான்.

முதலில் ஜெல். அதன் பெயர் சோடியம் பாலிஅக்ரிலேட். மரக்கூழ்ப் பஞ்சோடு கலந்து டயபரின் நடுவில் வைத்திருப்பார்கள். சுத்தமான தண்ணீர் என்றால் தன் எடையைப் போலச் சில நூறு மடங்கு உறிஞ்சும். சிறுநீரில் உப்பு இருப்பதால் அந்த அளவு வெகுவாகக் குறைந்துவிடும். ராத்திரி முழுக்க நனைந்த டயபர் காலையில் பிய்ந்து, பளபளவென்று சிறு மணிகள் குழந்தையின் தொடையில் ஒட்டியிருந்தால் யாருக்கும் பகீர் என்றுதான் இருக்கும். ஆனால் அதன் மூலக்கூறு மிகப் பெரியது, தோலைத் தாண்டி உள்ளே போகாது. ஈரத்துணியால் துடைத்தால் போதும். வாயில் மட்டும் போட விடக்கூடாது, மூச்சுக்குழலில் போனால் ஆபத்து.

1980 வாக்கில் அமெரிக்காவில் அதிகமாக உறிஞ்சும் டாம்பான்களை (மாதவிடாயின்போது உடலுக்குள் வைக்கும் உறிஞ்சியை) பயன்படுத்திய பெண்களுக்கு டாக்சிக் ஷாக் என்ற கொடிய நோய் வந்தது. ஜெல் மீதான பயத்துக்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அது ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா உண்டாக்கும் நச்சால் வருவது. உடலுக்குள் மணிக்கணக்கில் இருக்கும் டாம்பானையும் உடலுக்கு வெளியே இருக்கும் டயபரையும் ஒன்றாக வைக்க முடியாது.

இன்னும் சொல்லப் போனால், தோலைக் காப்பாற்றுவதே அந்த ஜெல்தான். சிறுநீரும் மலமும் கலக்கும்போது, மலத்தில் உள்ள பாக்டீரியாவின் யூரியேஸ் நொதி சிறுநீரில் உள்ள யூரியாவை அம்மோனியாவாக மாற்றுகிறது. தோலின் இயல்பான அமிலத்தன்மை குறைகிறது. அப்போது மலத்தில் இருக்கும் புரதத்தையும் கொழுப்பையும் செரிக்கும் நொதிகள் வீரியம் பெற்றுத் தோலை அரிக்க ஆரம்பிக்கும். ஈரத்தை இழுத்துப் பூட்டிவிட்டால் இதெல்லாம் குறையும். அதற்காக, இன்னும் இடம் இருக்கிறதே என்று மலம் போன டயபரை அப்படியே விட்டு வைக்க முடியாது. ஜெல் மலத்தை உறிஞ்சாது.

நான் பழகிக்கொண்ட ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சிவப்பு எங்கே வருகிறது என்று பாருங்கள். டயபர் அழுந்தும் மேடான பகுதிகளில் சிவந்து, தொடை இடுக்கின் மடிப்பு மட்டும் நன்றாக இருந்தால், அது அநேகமாக ஈரமும் உராய்வும். மடிப்புக்குள்ளேயே அடர்ந்த சிவப்பு, சுற்றிலும் சிதறிய சின்னச் சின்னப் புள்ளிகள் என்றால் கேண்டிடா என்ற பூஞ்சையாக இருக்கலாம். அதற்கு டயபர் மாற்றுவது மட்டும் போதாது, மருத்துவரிடம் காட்ட வேண்டும். இடுப்பிலும் தொடையின் வெளிப்பக்கத்திலும், எலாஸ்டிக்கும் ஒட்டும் பட்டையும் படும் இடத்தில் மட்டும் தடித்தால், அப்போதுதான் டயபரில் இருக்கும் பொருள் மேல் எனக்குச் சந்தேகம் வரும். 1998-இல் பிரெஞ்சுத் தோல் மருத்துவர்கள் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். தடிப்பு, கௌபாய் இடுப்பில் மாட்டும் துப்பாக்கி உறையின் வடிவத்தில் இருந்ததால் அதற்கு ஒரு காமிக்ஸ் கௌபாயின் பெயரையே வைத்தார்கள். ரப்பரைப் பதப்படுத்தவும் பசையிலும் சேர்க்கும் பொருட்கள்தான் காரணம்.

என் மகனுக்கு ஒரு பிராண்டில் ஏறக்குறைய இதேதான் நடந்தது. இரண்டு தொடையின் ஓரத்திலும் பட்டை பட்டையாகத் தடிப்பு, நடுவில் ஒன்றுமே இல்லை. கிரீம் போட்டால் அடங்கும், நிறுத்தினால் திரும்ப வரும். வேறு பிராண்டுக்கு மாறியதும் சில நாளில் போய்விட்டது. என்ன பசை சேர்க்கிறீர்கள் என்று அந்த நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். ‘எங்கள் தயாரிப்பு எல்லாத் தரநிலைகளுக்கும் உட்பட்டது’ என்று மட்டும் பதில் வந்தது. குழந்தையின் தோலில் நாள் முழுக்க ஒட்டிக் கிடக்கும் ஒரு பொருளில் என்ன இருக்கிறது என்று பெற்றோர் கேட்டால் சொல்ல வேண்டாமா? இந்த ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

வாசனை சேர்த்த டயபர் வேண்டவே வேண்டாம். வாசனையால் குழந்தைக்கு ஒரு பயனும் இல்லை, ஒவ்வாமைக்கு மட்டும் வழி. அழகுப் படங்களின் சாயமும் சில குழந்தைகளுக்கு ஒத்துக்கொள்வதில்லை. படம் குறைவாக இருப்பதை எடுப்பது நல்லது. ஈரமானால் நிறம் மாறும் கோடு பற்றியும் கேட்கிறார்கள். அதில் பெரும்பாலும் புரோமோஃபீனால் புளூ போன்ற நிறங்காட்டி இருக்கும். அது வெளி உறையின் உட்பக்கம் இருப்பதால் தோலில் நேராகப் படாது. நான் அதைப் பொருட்படுத்துவதில்லை.

அப்புறம் கண்ணுக்குத் தெரியாத சங்கதி. 2019 ஜனவரியில் பிரான்ஸ் அரசின் சுகாதாரப் பாதுகாப்பு முகமையான ஆன்செஸ், அங்கே விற்கும் டயபர்களில் டையாக்சின், ஃபார்மால்டிஹைடு, சில பாலிசைக்ளிக் ஹைட்ரோகார்பன்கள் போன்ற நச்சு ரசாயனங்கள் மிகச் சிறு அளவில் இருப்பதாகவும், சிலவற்றில் பாதுகாப்பு வரம்பு மீறப்படுவதை மறுக்க முடியாது என்றும் சொன்னது. வாசனைப் பொருட்களை முழுக்க நீக்கச் சொன்னதும் அதே அறிக்கைதான். பிறகு ஐரோப்பா முழுவதற்கும் கட்டுப்பாடு வேண்டும் என்று பிரான்ஸ் கேட்டபோது, 2021-இல் ஐரோப்பிய ரசாயன முகமையின் நிபுணர் குழு, ஆபத்து நிரூபிக்கப்படவில்லை என்றது. ‘நிரூபிக்கப்படவில்லை’ என்பதை ‘இல்லவே இல்லை’ என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. டயபரையே தூக்கி எறியும் அளவுக்கும் போகவில்லை. இவற்றை வீட்டில் யாராலும் சோதிக்க முடியாது. அரசாங்கங்கள்தான் கடைப் பொருட்களைத் தொடர்ந்து எடுத்துப் பார்த்து முடிவுகளை வெளியிட வேண்டும். நம் கையில் இருப்பது, குளோரின் வாயு இல்லாமல் வெளுத்த மரக்கூழ் என்று போட்டிருக்கிறதா என்று பார்ப்பது. பழைய முறை வெளுப்பில்தான் டையாக்சின் கூடுதலாக உருவாகும்.

‘கெமிக்கல் ஃப்ரீ’, ‘ஆர்கானிக்’, ‘மூங்கில்’ என்று வருபவற்றையும் கொஞ்ச காலம் போட்டோம். மிருதுவாகத்தான் இருந்தன. ஆனால் பருத்தி என்பது பெரும்பாலும் மேல் விரிப்பில் மட்டும். உள்ளே அதே ஜெல்தான். மூங்கில் நாரும் ரசாயனத்தில் கரைத்து இழையாக்கியதுதான். துணி நாப்பியில் இந்தக் கவலைகள் பல இல்லை, ஆனால் சோப்பு சரியாக அலசப்படாமல் தங்கினால் அதுவும் எரிச்சல் தரும்.

டயபர் மேல் விழும் பழியில் ஒரு பங்கு ஈர வைப்ஸுக்குப் போக வேண்டும். கெட்டுப்போகாமல் இருக்க மெதில்ஐசோதியாசோலினோன் என்ற ரசாயனம் சேர்த்த வைப்ஸால் குழந்தைகளுக்கு ஒவ்வாமை வந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தப் பெயர் பாக்கெட்டின் பின்பக்கம் இருந்தால் நான் வாங்குவதில்லை. வீட்டில் இருக்கும்போது வெறும் தண்ணீர், மெல்லிய துணி, பிறகு நன்றாக உலர விடுவது. சிவப்பு தெரிந்தால் துத்தநாக ஆக்சைடு கிரீம். டால்கம் பவுடர் கிடையாது, அது மூச்சில் போகும்.

பாக்கெட்டில் ‘புதிய, மேம்படுத்தப்பட்ட’ என்று பார்த்தால் ஒன்றை மட்டும் பகலில் போட்டுப் பார்க்கிறேன். அறிவிப்பே இல்லாமல் பசையோ எலாஸ்டிக்கோ மாறியிருக்கலாம். அன்று ராத்திரி தொடை ஓரத்தில் தடிப்பு இல்லை என்றால்தான் அடுத்த பாக்கெட்.